அத்தியாயம் 6: தோளை உதைக்கும் துப்பாக்கி – தேர்வும் பழக்கமும்

யானையையும் காட்டெருமையையும் வீழ்த்துவதற்கென்று உருவான கனரக ரைபிள், திருப்பரங்குன்றம் வட்டாரத்தில் இன்று ஒருவர் கைக்கு வர மூன்று வழிகள்தான் உண்டு. ஜமீன் குடும்பத்திலோ மலைத்தோட்டக்காரர் வீட்டிலோ தாத்தா காலத்து ரைபிள் வாரிசுக்கு வந்து சேர்கிறது. களிமண் தட்டுகளை 12 போரில் சுட்டுப் பழகியவர் அடுத்த படியாகப் பெரிய ரைபிளைத் தொட விரும்புகிறார். வேட்டை சட்டப்படி நடக்கும் ஆப்பிரிக்க நாடுகளிலோ ஆஸ்திரேலியாவிலோ வசிக்கும் உறவினரோடு சேர்ந்து உரிமத்துடன் வேட்டைக்குப் போக ஒருவர் ஆயத்தமாகிறார்.

மூவருக்கும் முதல் கேள்வி ஒன்றே: இந்த உதையை என் தோள் தாங்குமா? கேள்வியைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். தாங்குவது பெரிய காரியமில்லை. நல்ல உடல்நலமுள்ள எவரும் சில குண்டுகள் வரை தாங்கிவிடுவார். உதை வரப்போகிறது என்று தெரிந்தும் கண் மூடாமல், தோள் சுருங்காமல், விசையை மெல்ல அழுத்த முடிகிறதா என்பதுதான் கேள்வி. அப்படி அழுத்த முடிகிற துப்பாக்கிதான் உங்களுக்கு ஏற்ற பெரிய துப்பாக்கி. அதற்கு மேலான கலிபர் உங்களுக்குப் பயன்படாது.

முதலில் சட்டம்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் வேட்டையைத் தடை செய்கிறது. திருப்பரங்குன்றத்து வயல்களில் இறங்கும் மயில் அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. காட்டுப்பன்றி பயிரை அழித்தாலும் விவசாயி தானாகச் சுட முடியாது. தமிழக அரசு 2025 ஜனவரியில் எடுத்த முடிவின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து சேதம் செய்யும் பன்றிகளைப் பயிற்சி பெற்ற வனத்துறையினர்தான் சுடலாம். பயிர்ப் பாதுகாப்புக்கென்று பெற்ற துப்பாக்கி உரிமம் வேட்டை அனுமதி ஆகாது. ஆகவே இந்த அத்தியாயத்தில் சொல்லும் பழக்கம் எல்லாம் நம் ஊரில் அங்கீகரிக்கப்பட்ட சுடுதளத்துக்குள் மட்டும்தான்.

துப்பாக்கி வைத்திருப்பதற்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் பொருந்தும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வாரிசாக வந்ததும் இந்த இரண்டுக்குள் அடங்கும். உரிமத்தின் காலம் 5 ஆண்டு. அதே திருத்தத்தின்படி, கல்யாணத்திலோ கோயில் விழாவிலோ வானத்தை நோக்கிச் சுட்டு யாருக்கேனும் ஆபத்து விளைவித்தால் 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால், துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு பிறகு பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் பெற்றவர் உயிரோடு இருக்கும்போதே மாற்றித் தரவும் வழி உண்டு: அவருக்கு 70 வயது நிறைந்திருக்க வேண்டும், அல்லது அந்தத் துப்பாக்கி அவரிடம் 25 ஆண்டு இருந்திருக்க வேண்டும். மதுரை மாநகரக் காவல் எல்லைக்குள் வசிப்பவர் காவல் ஆணையர் அலுவலகத்தையும், எல்லைக்கு வெளியே வசிப்பவர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையும் அணுக வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்போது தரும் ரசீதையும் உரிமப் புத்தகத்தோடு வைத்திருங்கள்.

உதை எங்கிருந்து வருகிறது

பள்ளிக்கூட இயற்பியலில் உந்த அழிவின்மை விதிக்குத் துப்பாக்கியைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். குண்டு முன்னே போகும் உந்தமும், அதன் பின்னால் குழலிலிருந்து சீறி வெளியேறும் வாயுவின் உந்தமும் சேர்ந்து அதே அளவில் துப்பாக்கியைப் பின்னே தள்ளுகின்றன. .375 ரைபிளை எடுத்துக்கொள்வோம். 19.4 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 770 மீட்டர் வேகத்தில் போகிறது. வெடிமருந்து 4.5 கிராம்; அதன் வாயு ஏறத்தாழ 1,200 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. இரண்டையும் கூட்டி, துப்பாக்கியின் எடையான 4.1 கிலோவால் வகுத்தால், துப்பாக்கி நொடிக்குச் சுமார் 5 மீட்டர் வேகத்தில் தோளை நோக்கி வருவது தெரியும். ஆற்றலாகச் சொன்னால் 50 ஜூல்.

இதே முறையில் கணக்கிட்ட தோராயமான அளவுகள்:

- .22 ரைபிள், 3 கிலோ: 0.2 ஜூல்
- 12 போர், 24 கிராம் போட்டித் தோட்டா, 3.7 கிலோ: 20 ஜூல்
- .30-06, 3.6 கிலோ: 27 ஜூல்
- 12 போர், 32 கிராம் தோட்டா, 3.2 கிலோ: 31 ஜூல்
- .405 வின்செஸ்டர், 3.7 கிலோ: 40 ஜூல்
- .375 ஹாலண்ட், 4.1 கிலோ: 50 ஜூல்
- .458 வின்செஸ்டர் மேக்னம், 4.1 கிலோ: 85 ஜூல்
- .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் இரட்டைக்குழல், 4.9 கிலோ: 90 ஜூல்

இந்தப் பட்டியலில் இரண்டு செய்திகள் உண்டு. பயிர்க்காவலுக்கு வைத்திருக்கும் இலேசான 12 போர், .30-06 ரைபிளைவிடச் சற்று அதிகமாகவே உதைக்கிறது. அதைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்தவர் நடுத்தர ரைபிளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அடுத்து, .375க்கும் .458க்கும் இடையில் பெரிய தாவல் இருக்கிறது. .375 வரை பலரும் பழகிவிடலாம். அதற்கு மேல் போகிறவர்களில் பெரும்பாலோர் குறி தவறத் தொடங்குகிறார்கள்.

எடையின் பங்கையும் பாருங்கள். அதே .375 ரைபிளில் அரைக் கிலோ கூட்டினால் உதை 50 ஜூலிலிருந்து 45 ஆகக் குறைகிறது. பெரிய கலிபரில் இலேசான துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்து மயங்கி வாங்கிவிடாதீர்கள்.

வாரிசாக வரும் பழைய ரைபிள்கள்

நம் நாட்டில் கிடைக்கும் பழைய வேட்டை ரைபிள்களின் கலிபர்களுக்கு ஓர் அரசியல் காரணம் உண்டு. 1898இல் ரிக்பி நிறுவனம் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸைக் கொண்டுவந்தது. யானை வேட்டைக்கு அது அளவுகோலாக இருந்தது. அந்த விட்டமுள்ள குண்டுகள் கிளர்ச்சிக்காரர்கள் கையிலிருந்த பழைய மார்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளுக்குப் பயன்பட்டுவிடும் என்று அஞ்சி, பிரிட்டிஷ் அரசு 1907 வாக்கில் .450 தோட்டா இந்தியாவுக்குள் வருவதைத் தடுத்தது. அதன் பிறகே .465, .470, .475 என்று அதை ஒட்டிய கலிபர்கள் பெருகின. ராணுவத் தோட்டாக்களைத் தனியாருக்குக் கொடுப்பதில்லை என்ற அதே கொள்கைதான் .315 ரைபிளையும் இங்கே நிலைக்க வைத்தது. .303க்குத் தனியாருக்கு அனுமதி கிடையாது. ஆகவே இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை .315 ஸ்போர்ட்டிங் ரைபிளைச் செய்கிறது.

எந்த ரைபிள் எப்படி உதைக்கும் என்பதற்கு நம் காட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கென்னத் ஆண்டர்சன் (1910–1974) பெங்களூரில் வாழ்ந்து, சேலம், தர்மபுரி, ஓசூர்ப் பகுதிக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் சுட்டவர். அவர் கையில் இருந்தது 1895 மாடல் வின்செஸ்டர், .405 கலிபர். பட்டியலின்படி அதன் உதை .375ஐவிடக் குறைவு. ஆனால் அந்த மாடலைச் சுட்டவர்கள் அது தோளைப் பலமாக அடிக்கும் என்றே சொல்வார்கள். கட்டையின் முனையில் ரப்பர் இல்லை, இரும்புத் தகடு; கட்டை கீழ்நோக்கி அதிகம் வளைந்திருப்பதால் துப்பாக்கி பின்னே வருவதோடு மேலேயும் எழும்பிக் கன்னத்தை அடிக்கும். காகிதத்தில் உள்ள எண்ணைவிடக் கட்டையின் வடிவம் முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1912இல் வந்த .375 ஹாலண்ட், நூறு ஆண்டுக்கு மேலாகியும் முதல் தேர்வாக இருப்பதற்குக் காரணம், பலரும் பழகிவிடக் கூடிய அதன் உதைதான். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான பெரிய விலங்குகளுக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவும் அதுதான். வெளிநாட்டு வேட்டைக்கு ஒன்றே ஒன்று வேண்டும் என்பவருக்கு என் பரிந்துரை .375. அதைச் சுட்டு, சலிப்பில்லாமல் குறியில் அடிக்கத் தெரிந்த பிறகு .416 பற்றி யோசிக்கலாம். .458, .470 இரண்டும் அந்தத் தொழிலிலேயே இருக்கும் வழிகாட்டிகளுக்கு.

கட்டை பொருந்துகிறதா: நான்கு சோதனைகள்

அந்தக் காலத்துப் பெரிய துப்பாக்கிகள் பலவும் ஒரு குறிப்பிட்ட ஆளின் உடம்புக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டவை. அவர் உயரமும் கை நீளமும் வேறு, உங்களுடையது வேறு. குண்டு இல்லை என்பதை இருமுறை உறுதிசெய்துகொண்டு, குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து இவற்றைச் செய்து பாருங்கள்.

1. கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றுங்கள். கண்ணைத் திறக்கும்போது முன் குறியும் பின் குறியும் தாமாகவே ஒரே கோட்டில் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டியோ முகத்தைத் தூக்கியோதான் குறி தெரிகிறது என்றால் கட்டையின் மேல்விளிம்பு உங்களுக்குப் பொருந்தவில்லை.

2. ஏற்றிய நிலையில் மூக்குக்கும் பிடியிலுள்ள கட்டைவிரலுக்கும் இடையே இரண்டு, மூன்று விரல் இடைவெளி வேண்டும். அதற்குக் குறைந்தால் உதையில் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். கட்டை குட்டை என்று பொருள்.

3. கட்டை நீளமாக இருந்தால் ஏற்றும்போது சட்டையில் அக்குள் பக்கம் மாட்டும். உதை தோள்குழியில் விழாமல் மேல்கையில் விழும். அங்கே விழும் உதையால்தான் தோல் நீலமாகக் கன்றிப்போகும்.

4. ஸ்கோப் இருந்தால் கண்ணுக்கும் அதன் விளிம்புக்கும் இடையே 9 முதல் 10 சென்டிமீட்டர் வேண்டும். குறைந்தால் புருவத்தில் வெட்டு விழும். பெரிய கலிபருக்கென்று நீண்ட கண்தூரம் உள்ள ஸ்கோப்புகள் உண்டு. சிறிய ரைபிளில் கிடந்ததைக் கழற்றி இதில் மாட்ட வேண்டாம்.

குட்டையான கட்டைக்கு ரப்பர் பட்டை சேர்த்து நீளம் கூட்டலாம். நீளமானதைத் தேர்ந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துக் குறைக்கலாம். நிறுவன முத்திரையோடு வந்த அசல் கட்டையானால் அதை அறுக்காமல் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, வேறு கட்டை செய்து மாட்டுவதே நல்லது. பழைய கட்டையில் பிடி சுருங்கும் இடத்தைக் கவனமாகப் பாருங்கள். முடிபோன்ற விரிசல் ஒன்று இருந்தாலும் அதைச் சரிசெய்யும்வரை சுடக் கூடாது.

உதையைக் குறைக்கும் கருவிகள்

முனையில் மென்மையான ரப்பர் பட்டை வைப்பது மலிவான வழி, பலனும் அதிகம். அது ஆற்றலைக் குறைப்பதில்லை, உதை தோளில் இறங்கும் நேரத்தை நீட்டிப் பரப்பையும் கூட்டுகிறது. பழைய ரைபிளில் உள்ள ரப்பர் இறுகிக் கல்லாகியிருக்கும்; நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழாவிட்டால் மாற்றுங்கள்.

கட்டைக்குள் எடை சேர்ப்பது அடுத்த வழி. குழல் முனையில் பொருத்தும் மஸில் பிரேக், வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி உதையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் குறைக்கும். ஆனால் சத்தம் சுடுபவர் பக்கமும் அருகில் நிற்பவர் பக்கமும் திரும்பும். வேட்டையில் காதுக்கவசம் இல்லாமல் கூட வருபவர்களுக்கு அது நிரந்தரக் கேடு. வெளிநாட்டு வழிகாட்டிகள் பலர் அதை விரும்புவதில்லை. பயிற்சிக்கு வைத்துக்கொண்டு களத்தில் கழற்றிவிடலாம். அப்படிக் கழற்றினால் குறி மாறியிருக்கிறதா என்று மறுபடி சுட்டுப் பார்க்க வேண்டும்.

நிற்கும் முறை

கனரக ரைபிளை நின்று சுடப் பழகுங்கள். நிற்கும்போது இடுப்புக்கு மேல் உள்ள உடம்பு உதையோடு பின்னே போய்த் திரும்ப இடமிருக்கிறது. படுத்துச் சுட்டால் உடம்பு நகர முடியாது. உதை முழுதும் காறை எலும்பில் இறங்கும். மேசையில் சாய்ந்து குறி சரிபார்க்க வேண்டி வந்தால், மேசையை உயர்த்தி நின்றபடியே செய்யுங்கள். தோளுக்கும் கட்டைக்கும் நடுவில் மணல் பை வைக்கலாம்.

இடது கால் முன்னே (வலக்கைக்காரருக்கு), எடை சற்று முன்பாதத்தில். கட்டை தோள்குழிக்குள், காறை எலும்புக்குக் கீழே உட்கார வேண்டும். தோளுக்கும் கட்டைக்கும் இடைவெளி விட்டால், துப்பாக்கி வேகம் எடுத்து வந்து அடிக்கும். வலது கையால் தோளை நோக்கி உறுதியாக இழுத்துப் பிடியுங்கள். இடது கை முன்கட்டையை இறுகப் பற்றட்டும். சிறிய ரைபிளைப்போல அதைக் கைமேல் சும்மா வைத்தால் குழல் மேலே எகிறும். கன்னம் கட்டையில் பதிந்தே இருக்க வேண்டும். பயந்து தூக்கினால் கட்டை வந்து கன்ன எலும்பில் இடிக்கும்.

இரட்டைக்குழல் ரைபிளில் இரண்டு விசைகள் இருக்கும். முன் விசையை அழுத்திய உதையில் விரல் வழுக்கிப் பின் விசையையும் இழுத்துவிடக் கூடும். இரண்டு குழலும் ஒன்றாக வெடித்தால் உதை மிகக் கடுமையாகும். ஆகவே முதல் நாட்களில் ஒரு குழலில் மட்டும் தோட்டா போடுங்கள்.

பதறல்: அறிவதும் போக்குவதும்

விசையை அழுத்தியபின் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் குண்டு குழலைவிட்டுப் போய்விடுகிறது. நாம் உதையை உணர்வதற்குள் குறி முடிவாகிவிட்டது. ஆகவே குறியைக் கெடுப்பது உதையல்ல. உதை வருமுன்பே உடம்பு செய்துகொள்ளும் சுருக்கம். கண் மூடுகிறது, தோள் முன்னே தள்ளுகிறது, விரல் விசையை வெடுக்கென்று இழுக்கிறது. வலக்கைக்காரருக்குக் குண்டு கீழேயும் இடப்பக்கமும் போய் விழும்.

இதைச் சுடுபவர் தாமாக அறிய முடியாது. துணைக்கு நிற்பவர் சில முறை வெற்றுத் தோட்டாவையும் சில முறை உண்மைத் தோட்டாவையும் நீங்கள் பார்க்காதபடி போட்டுக் கொடுக்கட்டும். வெற்றுத் தோட்டாவில் குழல் முனை தாழ்ந்தால் பதறல் இருக்கிறது. இருந்தால் அன்றைக்குப் பெரிய துப்பாக்கியை மூடிவைத்துவிட்டு .22க்குத் திரும்புங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பத்து குண்டு சுட்டால், பதறலைத்தான் பழகிக்கொள்வீர்கள்.

சத்தமும் பதறலுக்குப் பாதிக் காரணம். காதுக்குள் செருகும் அடைப்பான், அதன்மேல் மூடும் கவசம் என்று இரண்டும் போட்டுக்கொண்டால், அதே துப்பாக்கி குறைவாக உதைப்பதாகத் தோன்றும்.

பயிற்சித் திட்டம்

முதல் மாதம் காற்றுத் துப்பாக்கியும் .22ம் மட்டும். நின்ற நிலையில் சுடுங்கள்; விசையழுத்தம் சீராகட்டும். இரண்டாம் மாதம் 12 போரில் 24 கிராம் தோட்டாவால் களிமண் தட்டு. பறக்கும் தட்டில் கண் இருக்கும்போது உதையை மனம் எண்ணுவதில்லை. உதையோடு வாழ்வதற்கு இதைவிட நல்ல பள்ளி கிடையாது. நம் பக்கத்துப் புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப் போட்டியின் குழுப் பிரிவில் தங்கம் வென்று, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். அந்தப் போட்டியின் தகுதிச் சுற்றில் 125 தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு குண்டு வரை அனுமதி. அத்தனை உதைக்குப் பிறகும் கடைசித் தட்டை முதல் தட்டைப்போலவே சுட வேண்டும் என்பதுதான் அங்கே சோதனை.

மூன்றாம் மாதம் .315 அல்லது .30-06. அதன் பிறகுதான் பெரிய ரைபிள், அதுவும் ஒரு நாளைக்கு ஆறிலிருந்து பத்து குண்டுக்கு மேல் வேண்டாம். இரண்டு குண்டுகளுக்கு நடுவே .22ல் ஐந்து சுடுங்கள். முடிக்கும்போதும் .22ல் முடியுங்கள், உடம்பு நினைவில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது கடைசிக் குண்டைத்தான்.

தோள் அறுவைச் சிகிச்சை, விழித்திரைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. காறை எலும்பின் கீழ் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு, பெரும்பாலும் அது இடப்பக்கம் இருப்பதால், இடத்தோளில் வைத்துச் சுடும் பழக்கமே ஆபத்து.

வெயிலும் தோட்டாவும்

மே மாதத்தில் மதுரையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். நிறுத்தி வைத்த காருக்குள் அதைவிட வெகு அதிகம். சூடேறிய தோட்டாவில் அழுத்தம் கூடும், உதையும் கூடும். பழைய கார்டைட் மருந்துக்கு இது இன்னும் பொருந்தும். அதனால்தான் அந்தக் காலத்தில் கைனாக் நிறுவனம் வெப்ப நாடுகளுக்கென்று மருந்து குறைத்த தோட்டாக்களைத் தனியாகச் செய்தது. சுடுதளத்தில் தோட்டாப் பெட்டியை நிழலில், துணி போர்த்தி வையுங்கள்.

தாத்தாவின் அலமாரியில் கிடைத்த தோட்டாக்களை ஒருபோதும் சுடாதீர்கள். உரிமத்தில் அவற்றுக்கு இடமில்லையென்றால் வைத்திருப்பதே குற்றம். காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். ரைபிளையும் முதல் குண்டுக்கு முன் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டி, குழலின் உட்புறத்தையும் பூட்டையும் சோதிக்க வேண்டும். பழைய தோட்டாக்களின் பிரைமர் உப்புப் படிவை விட்டுச் செல்லும். அது ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. கொதிநீர் ஊற்றிக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகே எண்ணெய் போட வேண்டும். அந்த வழக்கம் தெரியாத வீடுகளில்தான் நல்ல குழல்கள் பல புள்ளி விழுந்து கிடக்கின்றன.

முடிவெடுக்க ஓர் அளவுகோல்

மூன்று மாதப் பயிற்சிக்கும் பெரிய ரைபிளில் பழகியதற்கும் பிறகு 50 மீட்டரில் நின்றபடி, பெரிய ரைபிளால் மூன்று குண்டுகள் சுடுங்கள். மூன்றும் ஓர் உள்ளங்கை அளவுக்குள் விழுந்து, நடுவில் கலந்த வெற்றுத் தோட்டாவில் குழல் அசையாமல் இருந்தால் அந்தத் துப்பாக்கி உங்களுடையது. இல்லையென்றால் ஒரு படி சிறிய கலிபருக்கு இறங்குங்கள். வெளிநாட்டு வேட்டைக்குப் போகிறவருக்கு இது அறக்கடமையும்கூட: .470ஆல் வயிற்றில் அடிபட்டுத் தப்பியோடும் காட்டெருமை நாள்கணக்கில் துடித்துச் சாகும். அதைத் தேடிப் புதருக்குள் போகும் உள்ளூர்த் துப்புக்காரரின் உயிரும் போகலாம். .375ஆல் சரியான இடத்தில் விழும் ஒரு குண்டு, காட்டெருமையை அந்த வேதனையிலிருந்தும் துப்புக்காரரை அந்த ஆபத்திலிருந்தும் காக்கும். வாரிசாக வந்த ரைபிள் உங்களுக்கு மீறியது என்று தெரிந்தால், உரிமத்தோடு அதைப் பேணிப் பாதுகாத்து, சுடுவதற்கு வேறொன்றை வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் இரண்டு துப்பாக்கிக்கு இடம் தருகிறது. அந்த இரண்டில் ஒன்று உங்கள் தோளுக்குப் பொருந்தியதாக இருக்கட்டும்.